கழற்றிய இரண்டு கண்ணிகள்

என் வீட்டுக்காரர் கோவிந்தராஜனுக்குக் கை சும்மா இருக்காது. சாப்பிட்டுக்கொண்டே மேஜை ஆடுகிறதா என்று அசைத்துப் பார்ப்பார். நன்றாக ஓடுகிற மின்விசிறியை நிறுத்திவிட்டு ஸ்டூல் போட்டு ஏறுவார். ஹடப்சரில் இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகர். முடியளவு கூடினாலும் குறைந்தாலும் பொருளை ஒதுக்கிவிடுவார். அங்கே அவருக்கு 'ரிஜெக்ட் சாஹேப்' என்றே பெயர். 1992இல் திருவாரூரை விட்டு இந்த மராத்திக்கார ஊரில் தாபோடிக்குக் குடிவந்ததிலிருந்து வீட்டிலும் அதே பரிசோதனைதான். நானும் மகள் மீனுவும் தேறினோமா என்று இன்றுவரை அவர் வாயைத் திறக்கவில்லை.

அவர் கண்ணில் குறையே இல்லாத ஒரே பொருள் அவருடைய பைக். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஸ்பானரும் கையுமாகக் கீழே இறங்கிவிடுவார். செயின் கவரின் அடியில் உள்ள ரப்பர் மூடியைப் பிடுங்கி, விரலை விட்டுச் செயினைத் தட்டிப் பார்த்து, தொய்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு சுற்று இறுக்குவார்.

தினமும் காலையில் என்னை விமான் நகரில் இறக்கிவிட்டு அவர் ஹடப்சர் போவார். எனக்கு அங்கே ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. பின்னால் உட்காருகிறவளுக்கு வண்டியின் உடம்பு நன்றாகத் தெரியும். 2003 மழைக்காலத்தில் என் பாதத்துக்கு அடியில் கல்லை மெல்லுவதுபோல ஒரு சத்தம் ஆரம்பித்தது. எரவாடா சிக்னலில் வண்டி கிளம்பும்போது செயின் பல்சக்கரத்தில் வழுக்கும். எஞ்சின் அலறும், சக்கரம் ஒரு கணம் நகராது. பின்னால் லாரி ஹாரன் அடிக்கும். அவர் தோளை இறுகப் பிடித்துக்கொள்வேன்.

"ஏங்க, செயின் போயிடுச்சு. மாத்திடுங்க" என்றேன்.

"இறுக்குறதுக்கு இன்னும் ரெண்டு கோடு இருக்கு, அரசி. நல்லாப் பாத்துக்கிட்டா முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடணும். இப்பதான் இருபத்திரண்டு ஆகுது."

"நீங்க கணக்கு சொல்றீங்க. நான் சத்தத்தைக் கேக்குறேன்."

"பின்னாடி உக்காந்துக்கிட்டு இன்ஸ்பெக்‌ஷன் பண்ணாத."

பின்சக்கரத்தை இழுத்து இறுக்குவதற்கான அந்த ரெண்டு அளவுக்கோடும் தீபாவளிக்குள் தீர்ந்தன. அடுத்த திங்கட்கிழமை சத்தம் கொஞ்சம் அடங்கியிருந்தது. அவர் சொன்னது சரியோ என்று நான்கூட நினைத்தேன். சாயங்காலம் பால்கனியைப் பெருக்கும்போது பூந்தொட்டிக்குப் பின்னால் செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம் கிடைத்தது. பிரித்தால் செயினின் இரண்டு கண்ணிகள். இறுக்க இடமில்லாமல் போனதும், நீண்டுபோன செயினில் இரண்டு கண்ணியைக் கழற்றிவிட்டுக் குட்டையாக்கி மாட்டியிருக்கிறார் மனுஷர். கம்பெனியில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அன்றைக்கே ரிப்போர்ட் எழுதியிருப்பார்.

நான் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அவர் வண்டியை உருட்டிக்கொண்டே கூட வந்தார்.

"என்ன, கோவமா?"

பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி வேறு பஸ் மாறி, வேர்த்துக் கொட்டி ஹோட்டலுக்குப் போவேன். கோபம் தணியட்டும் என்று அவர் விட்டுவிட்டார். நானோ ஒவ்வொரு போன் கால் வரும்போதும், செயின் அறுந்து அவர் விழுந்து, பேசப்போவது ஏதாவது போலீஸ் ஸ்டேஷனோ என்று பதறிக்கொண்டுதான் லைனை எடுப்பேன். சாயங்காலம் வீட்டில் உட்கார முடியாது. அடுப்பை ஏற்றுவேன், அணைப்பேன், ஜன்னலுக்குப் போவேன். அவர் வந்து சேர்ந்ததும் நிம்மதி வரும், கூடவே எரிச்சலும் வரும்.

அவர் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பரிசோதகர் ஒரு பொருளில் சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டால் மேனேஜர்கூட அதை நகர்த்தக் கூடாது. கட்டியவரே கையெழுத்துப் போட்டால்தான் அவிழ்க்கலாம். அந்தச் சீட்டுகளில் ஒரு கட்டு அவர் பையில் எப்போதும் கிடக்கும். மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை அவர் குளிக்கப் போனபோது ஒன்றை உருவினேன். 'காரணம்: செயின். பரிசோதித்தவர்: மங்கையர்க்கரசி' என்று எழுதிக் கீழே போய் ஹேண்டில்பாரில் கட்டினேன்.

இறங்கி வந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"விளையாடாத அரசி. ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

வெறும் நூல்தான், இழுத்தால் அறுந்துவிடும். கையை நீட்டினார். பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போடு."

"மாட்டேன்."

பத்து வருஷத்தில் முதல்முறையாகக் கம்பெனிக்கு பஸ்ஸில் போனார். சாயங்காலம் வந்ததும் சீட்டோடு வண்டியை உருட்டிக்கொண்டு பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் காம்ப்ளேயின் கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

காம்ப்ளே செயின் கவரைக் கழற்றினான். பின்சக்கரப் பல்லில் படிந்திருந்த செயினை ஒரே விரலால் பின்னுக்கு இழுத்தான். பாதிப் பல் தெரியும் அளவுக்கு அது விலகி வந்தது. பற்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, நுனி கூர்ந்து கொக்கியாகியிருந்தன.

"செயின் ஸம்பலி, சாஹேப்" என்றான். தீர்ந்துபோயிற்றாம்.

செயினை மட்டும் மாற்றச் சொன்னார் இவர். காம்ப்ளே ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் பல்லில் புதுச் செயின் போட்டால் அதையும் தின்றுவிடும், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றான். வாராவாரம் அளவுக்கு மீறி இறுக்கியதால்தான் இவ்வளவு சீக்கிரம் போயிற்று என்றும் சொன்னான். இவர் முகம் தொங்கிவிட்டது. நான் கையெழுத்துப் போட்டுச் சீட்டை அவிழ்த்தேன்.

"சரி, கோவம் போச்சுல்ல? நாளைக்கு வண்டியில வருவேல்ல?" என்றார்.

"கோவத்துக்கு யாராவது ரெண்டு பஸ் மாறுவாங்களா? ரெண்டு பேரும் ஒரே வண்டியில விழுந்துட்டா மீனுவுக்கு யாருங்க இருக்கா? அதுக்காகத்தான் நான் பஸ்ஸுல போனேன்."

சீட்டை என்னிடமிருந்து வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் விழுந்தா?"

"அதையும் யோசிச்சாச்சு. யார் யாருக்குப் போன் பண்ணணும்னுகூட முடிவு பண்ணி வச்சிருந்தேன். மீனுகிட்ட மட்டும் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

அவர் கடை வாசல் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.