அண்ணியின் கால் காப்பும் ஒற்றை மாடும்

எங்கள் அண்ணி கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது. நினைவு மலருக்கு அவரைப் பற்றி யார் எழுதுவது என்று பிள்ளைகள் கூடிப் பேசியபோது அவருடைய பெரிய மகன், "அத்தே, எங்கம்மாகூட அதிகமா சண்டை போட்டவங்க நீங்கதான். நீங்களே சொல்லுங்க, எழுதிக்கறோம்" என்றான். பள்ளிக்கூடத்தில் நான் கற்றது மணி அடித்தால் வீட்டுக்கு ஓடி வருவது மட்டும்தான். ஆகவே பிழை இருந்தால் எழுதியவனைத் திட்டுங்கள்.

அண்ணி பிறந்தது பொம்மிடிக்குப் பக்கத்தில், ரயில் சத்தம் கேட்கும் ஊர். எங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு அதியமான்கோட்டைப் பக்கம் வந்தார். ரயிலைப் பார்த்து வளர்ந்தவர் என்ற கர்வம் கொஞ்சம் உண்டு. "உங்கூருல மாட்டு வண்டிகூட நேரத்துக்கு வராது புள்ளே" என்பார். களி கிளறினால் ஒரு கட்டி இருக்காது. குழம்புக்குத்தான் உப்புப் போட மறப்பார். நாத்தனார் நான் அதை நினைவூட்ட ஒருநாளும் மறந்ததில்லை.

வெள்ளைக்காரன் சண்டை நடந்த காலம் அது. எங்களுடையது மழையை நம்பிய காடு. உழவு மாடு இரண்டில் ஒன்று நோய் கண்டு செத்தது. அது செத்த பிறகுதான் வானம் கண் திறந்து நல்ல மழை கொட்டியது. ஒற்றை மாட்டை வைத்து ஏர் பூட்ட முடியாது. ஊரில் எல்லோரும் அவரவர் காட்டை உழுகிற நேரம். இரவல் கேட்கவும் வழியில்லை. ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் அந்த வருஷம் வீட்டில் கேழ்வரகு இல்லை.

அண்ணி யாரையும் கேட்கவில்லை. விளக்கெண்ணெய் தடவி, பிறந்த வீட்டில் போட்ட நாலு வெள்ளிக் கால் காப்பையும் கழற்றினார். அண்ணனுக்கு முகம் சுருங்கிப் போனது.

"பொண்டாட்டி கால்ல கெடந்தத வித்து மாடு வாங்கினான்னு ஊரு சொல்லும்."

"சொல்லட்டுங்க. சொல்ற ஊரு வந்து ஏர் இழுக்குமா? நீங்க சந்தைக்குப் போயி மாட்டப் பாருங்க. நானும் உங்க தங்கச்சியும் வெள்ளிக் கடைக்குப் போறோம்."

தருமபுரிக் கடைவீதியில் அந்தக் கடை. உள்ளே ஒரு கல்யாண வீட்டார் நகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி காப்பை முடிந்து வைத்திருந்த முந்தானையை அவிழ்க்கவில்லை. சும்மா உட்கார்ந்து, "புதுசா கால் காப்பு காட்டுங்க" என்றார். நான் திகைத்துப் போனேன். விற்க வந்தவர் வாங்குகிறாரே, புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்த்தேன். கடைக்காரர் ஒரு ஜோடி எடுத்து வைத்தார்.

"உள்ள அரக்கு கிரக்கு இருக்குதுங்களா?"

"நம்ம கடையிலயா? கெட்டி வெள்ளிம்மா. அடிச்சா மண்டை ஒடையும்."

அதற்குப் பிறகுதான் முந்தானை அவிழ்ந்தது. அண்ணியின் காப்பைப் பார்த்ததும் கடைக்காரரின் முகம் துக்க வீட்டுக்கு வந்தவர் முகம்போல் ஆனது. "இது அரக்குக் காப்பும்மா. மேலதான் வெள்ளித் தகடு. பாதி எடை கழிச்சாத்தான் எனக்குக் கட்டும்."

"அப்பிடீங்களா? உங்களுது கெட்டி, எங்களுது அரக்கு. பாத்தா ரெண்டும் ஒரே பருமன், ஒரே வட்டம். ஒரு தட்டுல உங்க ஜோடி, ஒரு தட்டுல எங்க ஜோடி வைங்க. கெட்டின்னா கீழ போகுமில்ல?"

வேறு வழியின்றி வைத்தார். தராசு முள் நேராக நின்றது.

கல்யாண வீட்டு அம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "ஏனுங்க, அப்ப எங்களுக்குக் கெட்டின்னு சொன்னீங்களே, அது?"

கடைக்காரர் பதறி எழுந்து அண்ணியிடம் வந்தார். "நீங்க உள்ள வந்து உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணி வேண்டாமுங்க. மாடு வேணும். எங்கப்பன் வாங்கறப்ப அரக்குக்கும் சேத்துத்தான் வெள்ளி வெல குடுத்தாரு. அதே கணக்குல நீங்களும் வாங்கிக்குங்க. சந்தை கலையப் போவுது."

வெள்ளி வியாபாரத்தை நான் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். அவர்கள் விற்கும்போது அரக்கும் வெள்ளி. நாம் விற்கப் போனால் வெள்ளியும் அரக்கு. நடுவில் இருப்பதுதான் கடை.

முழு எடைக்கும் விலை போட்டார். ஆனாலும் அழுக்குக்கென்று துளி கழித்தார். நான் சண்டைக்குக் கிளம்பினேன். அண்ணி என் கையைப் பிடித்து, "இருக்கட்டும் புள்ளே. அவரும் ஈ ஓட்டவா கடை தொறந்து வெச்சிருக்காரு?" என்றார். பாவம், மனுஷன் நஷ்டப்பட்டுவிட்டாரே என்று எனக்கும் இரக்கம் வந்தது. படி இறங்கித் திரும்பிப் பார்க்கிறேன், அண்ணியின் காப்பைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். உருக்கவே போவதில்லை! புதுசென்று செய்கூலி, சேதாரம் போட்டு யார் காலிலோ மாட்டிவிடுவார். என் இரக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் சந்தையில் ஒரு செவலை மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி, விற்கிறவரைப் பேச்சிலேயே நிறுத்தி வைத்திருந்தார். அன்றைக்கே ஓட்டி வந்தோம். விடிந்ததும் ஏர் பூட்டி, ஈரம் இருக்கும்போதே விதைத்தோம். அந்த வருஷம் நாங்கள் தின்ற களி அண்ணியின் காலில் இருந்து வந்தது.

அதில் உண்மையான நஷ்டம் எனக்குத்தான். காப்பு இருந்தவரை, அண்ணி வருவது நாலு வீடு தள்ளியே கேட்கும். அவர் குழம்பைப் பற்றிப் பேசுவதைச் சட்டென்று நிறுத்திக்கொள்வேன். காப்பு போன பிறகு பூனைபோல் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். விளைச்சல் வந்ததும் அண்ணன், "புதுக் காப்பு வாங்கித் தாரேன்" என்றார்.

"வேண்டாமுங்க. உங்க தங்கச்சி என்னப் பத்தி என்ன பேசறான்னு இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டார். கடைசி வரை காலில் எதுவும் போடவில்லை. ஆனால் வெள்ளி விற்கப் போகும் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவரைத்தான் துணைக்குக் கூப்பிட்டார்கள்.

கடைசி நாட்களில் படுக்கையில் அவரைத் திருப்பிப் படுக்க வைத்த மருமகள்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், வண்டி கொடுத்தவர்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இந்த ஒரு வருஷமாக அண்ணியின் குழம்பைப் பற்றி நான் யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம். பேசத்தான் செய்கிறேன். பேசும் முன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.