பத்துப் பேரை அடித்த கதையும் மலர்விழி டீச்சரும்

மலர்விழி டீச்சர் அவர்கள் மாரடைப்பால் காலமான செய்தி செவ்வாய்க்கிழமை காலை என் கைப்பேசிக்குத்தான் முதலில் வந்தது. உசிலம்பட்டி வட்டாரத்தில் எந்தச் சேதியும் என்னைத் தாண்டிப் போகாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பள்ளிக்கூட டீச்சர் அல்ல. மதுரை கே.கே. நகரிலிருந்து ஞாயிறுதோறும் ஸ்கூட்டியில் எங்கள் காலனி சமுதாயக் கூடத்துக்கு வந்து, சாதியின் பேரால் அடிபட்ட இளவயதுப் பிள்ளைகளுக்கு மனசைப் பற்றி வகுப்பு எடுத்தவர். முதல் வாரம் மைக் பிடித்து அறிவித்தவன் நான். “மனநோய் வகுப்பு!” என்று என் வெண்கலக் குரலில் முழங்கினேன், மதுரைக்கே கேட்டிருக்கும். ஈ காக்கா வரவில்லை.

“அண்ணே, தூக்கம் வராதவங்க வாங்கன்னு சொல்லிப் பாருங்க” என்றார் டீச்சர்.

கூடம் நிறைந்துவிட்டது.

என் தங்கை மகன் கதிரும் வந்தான். காலனிப் பையன் ஜன்னல் சீட்டில் உட்காரலாமா என்று டவுன் பஸ்ஸிலிருந்து நான்கு பேர் அவனை இழுத்துப் போட்டு அடித்திருந்தார்கள். அதன்பின் அவன் பஸ் ஏறவில்லை; கல்லூரிப் படிப்பும் நின்றது. “ஆம்பளையா மாப்ள நீ?” என்று நான் கேலி செய்வேன். டீச்சரோ, “இது கோழைத்தனம் இல்லப்பா. உன் உடம்பு அந்த அடிய இன்னும் மறக்கல, அம்புட்டுதான்” என்றார்.

அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன். பாய்ந்து இறங்கிப் பத்துப் பேரைப் புரட்டியெடுத்த கதையை வகுப்பில் விஸ்தாரமாகச் சொன்னேன். கதிர் எழுந்து வெளியே போய்விட்டான்.

டீச்சர் சிரிக்காமல் கேட்டார்: “பத்துப் பேரையும் நீங்க அடிச்சிட்டீங்கன்னா, அவன் யாருகிட்டண்ணே அடி வாங்குனான்?”

எல்லாருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று நான் வெளியே நழுவினேன்.

அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் சொன்னேன்: “நான் இறங்கவே இல்ல. சீட்டுக்கு அடியில குனிஞ்சுக்கிட்டேன்.”

“தெரியும் மாமா, பார்த்தேன்” என்றான் கதிர். “அதத்தான் மறக்க முடியல.”

அதன்பின் அன்று முழுக்க அவனே பேசினான். டீச்சர் குறுக்கிடவில்லை; என்னையும் குறுக்கிட விடவில்லை.

இறுதி மரியாதைக்குக் கிளம்ப நான் பைக்கை எடுத்தேன். “வேணாம் மாமா, பஸ்ல போவோம்” என்றான் கதிர். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். பாதி வழி, செக்கானூரணி வரைக்கும் ஜன்னல் கம்பியை விடவே இல்லை. அவன் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன், குனியாமல்.

டீச்சர் மேல் விழுந்த மாலைகளில் பெரியது என்னுடையதுதான். ஆனால் அவர் காதருகே கதிர் குனிந்து சொன்னதுதான் அவருக்குச் சேர வேண்டியது:

“டீச்சர், பஸ்லதான் வந்தேன்.”

போய் வாருங்கள், டீச்சர்.