சர்க்கார் வாங்கிக் கொடுத்த பந்து

இன்று தென்காசியில் இலத்தூர் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் மேலத்தெரு, கீழத்தெரு சண்டியர்கள் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போன வருஷம் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள். அடிதடி ஓயட்டும் என்று எங்கள் பிளாக் ஆபீஸ்தான் சர்க்கார் பணத்தில் பந்தும் வலையும் வாங்கிக் கொடுத்து, இரண்டு தெருவையும் ஒரே டீமாக்கியது. யோசனை என்னுடையது.

"மேட்சுக்கா?" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. போன மேட்சுல இலத்தூர்க்காரனுவ நம்ம கீழத்தெருப் பயல அடிச்சிட்டானுவ. கேக்கப் போறோம்" என்றான் மேலத்தெரு மாடசாமி.

காலடியில் கம்புக்கட்டு. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"நீங்கதான அண்ணாச்சி ஒத்துமையா இருக்கச் சொன்னிய?"

ஒற்றுமை வந்துவிட்டது என்று மேலிடத்துக்கு எழுதுவதா, வேண்டாமா? யாராவது சொல்லுங்கள்.