விளக்கு வைக்கும் நேரத்தில் ஓர் இருட்டறை

மூன்று வருடங்களுக்கு முன், தஞ்சாவூரில் இரண்டே அறைகள் கொண்ட வாடகை வீட்டில் இருந்தோம். எங்களோடு தங்கியிருந்த என் நாத்தனாருக்குச் சென்னையில் புகைப்படப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. பிலிமில் எடுத்து, தன் கையாலேயே பிரிண்ட் போட்ட பத்துப் படங்கள் கொண்டுபோக வேண்டும். மறுநாள் காலை ரயில்.

எங்கள் உள்ளறையை அவள் இருட்டறை ஆக்கினாள். மழையில் நெல் மூட்டைகளை மூடும் தார்ப்பாயை ஜன்னலில் கட்டினாள். கதவிடுக்கில் என் பழைய புடவை. ஒரு சிவப்பு பல்பு, பிலிமில் உள்ளதைத் தாளில் பெரிதாக்கி விழவைக்கும் இரவல் என்லார்ஜர், மருந்துத் தண்ணீர் ஊற்றிய மூன்று ட்ரே. ஒன்றரை வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் பதறினேன்.

"எல்லாம் மேஜை மேலதான் இருக்கு அண்ணி, பயப்படாதீங்க. நான் கூப்பிடுற வரைக்கும் கதவை மட்டும் தொடாதீங்க" என்றாள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஆறு மணி ஆகிவிட்டது. சாமி அலமாரியோ உள்ளறையில். மகனுக்குக் காலையிலிருந்து உடம்பு சுட்டது. இன்றைக்குப் பார்த்து விளக்கேற்றாமல் விடலாமா? அவளைக் கூப்பிட்டால் தொந்தரவாகுமோ? யோசித்து யோசித்து, ஒரு நிமிஷம்தானே என்று தீப்பெட்டியோடு கதவைத் திறந்துவிட்டேன்.

ஹால் ட்யூப்லைட் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. ட்ரேயில் மெல்லத் தெளிந்துகொண்டிருந்த பத்தாவது படம் கண்ணெதிரே கறுத்தது. அதுதான் கடைசித் தாள்.

"அய்யோ அண்ணி!" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டியது. அவளோ சிரித்துவிட்டாள்.

"சரி, வந்தது வந்துட்டீங்க. முதல்ல விளக்கை ஏத்துங்க. சாமியும் மத்தியானத்துலேர்ந்து சிவப்பு லைட்லயே உக்காந்திருக்கு."

ஏற்றிக் கும்பிட்டு, விளக்கை ஹாலுக்கு எடுத்து வந்தேன். வெளிச்சம் எவ்வளவு தேவை என்று சோதிக்க ஒரு தாளைப் பட்டை பட்டையாக வெட்டியிருந்தாள். அதில் நான்கு, கறுப்பு உறைக்குள் மிச்சம் இருந்தன. அவற்றைக் கொஞ்சம் இடைவெளி விட்டு அடுக்கி, அதே படத்தை மறுபடி போட்டாள். நடவு நடும் பெண்களின் வரிசை நான்கு துண்டுகளிலும் தொடர்ந்தது. இடைவெளிகள் வரப்பு மாதிரியே இருந்தன.

அவளுக்கு இடம் கிடைத்தது. "அந்தப் படம் ஏன் நாலு துண்டா இருக்குன்னு கேட்டாங்க. உங்க விளக்கைப் பத்தியும் சொல்லிட்டேன் அண்ணி!" என்றாள் போனில். மகனுக்கு இருந்தது பல் முளைக்கும் சூடு.

கறுத்துப்போன தாளை சாமி அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். மகன் எதையாவது கொட்டிக் கவிழ்க்கும்போது கத்த வாய் திறந்துவிடுகிறேன். பிறகு, தன் கடைசித் தாளைப் பாழாக்கியவளை முதலில் விளக்கேற்றச் சொன்ன அந்த இருபது வயதுப் பெண்ணை நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.