பள்ளிக்கூடத்துக்குப் பெண் கேட்டவர்

"கையத் தூக்குங்க. இன்னுங் கொஞ்சம். ஆங், அப்பிடியே நில்லுங்க. சின்னவனுக்கு வயசு என்ன ஆச்சு?"

கடைசிக் கேள்விக்கும் ஜாக்கெட் அளவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அளவு நாடா உடம்பைச் சுற்றியிருக்கிறது, அதன் இரண்டு முனையும் முத்தழகுவின் கையில் இருக்கின்றன. தைக்கக் கொடுக்க வந்தவர் எங்கே ஓட முடியும்? "அஞ்சு முடியப் போகுதுக்கா" என்கிறார் பாவம். "அப்ப வர்ற ஜூனுக்கு ஒண்ணாப்பு. நம்ம பள்ளிக்கூடந்தேன், வேற பேச்சே இல்ல. கழுத்து எறக்கம் எம்புட்டு வைக்க?"

கல்லலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தையல் மிஷினை வீட்டு வாசலில் போட்டு உட்கார்ந்திருக்கிறார் முத்தழகு. வயது நாற்பதை நெருங்குகிறது. மகன் உள்ளூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பெற்றோர்கள் கூடி இவரைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போகிற பதவி என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி என்று ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இப்போது இவருக்கு ஊரில் பெயர் 'புரோக்கர் முத்தழகு'.

எனக்கு இவர் பழக்கமானது காரைக்குடி டவுன் பஸ்ஸில். முன் சீட்டில் நூல்கண்டும் ஊக்கும் லைனிங் துணியுமாக ஒரு பையை மடியில் வைத்திருந்தவர், என்ன தோன்றியதோ, முழுசாகப் பின்னால் திரும்பி, "ஒங்க வீட்ல அஞ்சு வயசுல பிள்ளை இருக்கா?" என்றார். எனக்குப் பிள்ளையே இல்லை என்றேன். ஐயோ பாவம் என்பார் என்று எதிர்பார்த்தால், "அக்கம்பக்கத்துல?" என்று கேட்கிறார்! இறங்குகிற வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேச்சு. காலைச் சாப்பாடு சுடச்சுட. சுவரில் ஒரு டிவி. பிள்ளைகளே போட்ட கீரைப் பாத்தி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலம்பம். மூச்சு விட்டாரா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தவர், அவரிடம் பேச்சைக் கொடுக்காமல் நைசாக நழுவினார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதாக அப்புறம் தெரிந்தது.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, விஷயம் விளையாட்டு இல்லை. வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை கூட இல்லை. ஊரில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. காரைக்குடியிலிருந்து ஒரு மஞ்சள் வேன் தெருத்தெருவாக வந்து அள்ளிக்கொண்டு போகிறது. ஒன்றாம் வகுப்பு காலியானால் பிள்ளைகள் எண்ணிக்கை குறையும். குறைந்தால் இருக்கிற இரண்டு ஆசிரியர்களில் சுபலட்சுமி டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் தலைமையாசிரியர் ஞானசம்பந்தம் ஒருவரே ஐந்து வகுப்புக்கும். "ஒத்த ஆளு அஞ்சு அடுப்ப எப்பிடிங்க பாக்குறது? ஒண்ணு பொங்கும், ஒண்ணு கருகும்" என்று முத்தழகு சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. அவர் மகனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததே சுபலட்சுமி டீச்சரால்தான்.

ஞானசம்பந்தம் சார் தன்னால் ஆனதைச் செய்தார். நோட்டீஸ் அடித்தார், பேனர் பிடித்துப் பிள்ளைகளோடு ஊர்வலம் போனார். யாரும் அசையவில்லை. முத்தழகுக்குப் பொறுக்கவில்லை. "நோட்டீசு குடுத்தா மடிச்சுப் பல்லுக் குத்துறாக சார். வெத்தல பாக்கு வச்சு அழைச்சாத்தேன் நம்ம சனம் மதிக்கும்" என்றார். சார் சிரித்தார். அது வேடிக்கையாகச் சொன்னது என்று அவர் நினைத்துவிட்டார்.

முதலில் யார் வீடு என்பதில் முத்தழகுக்குச் சந்தேகமே இல்லை. மேலத் தெரு நாகநாதன் வீடு. கல்லலில் சிமென்ட் கடை வைத்திருக்கிறார். அவர் வாசலுக்குப் பச்சை பெயின்ட் அடித்தால் அடுத்த தீபாவளிக்குள் தெருவே பச்சை. அவர் மகள் யாழ்மதிக்கு ஐந்து வயது. அவள் நம் பள்ளிக்கு வந்தால் மேலத் தெருப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே வரும் என்பது கணக்கு.

அடுத்து நடந்ததை நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவானது இது. நல்ல நேரம் பார்த்து ஐந்து பெண்கள் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகக் கிளம்பினார்கள். முன்னால் முத்தழகு. கையில் எவர்சில்வர் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. பட்டப்பகலில் இப்படி ஐந்து பேர் தட்டோடு படியேறினால் யாராயிருந்தாலும் என்ன நினைப்பார்கள்? அதிலும் அந்த வீட்டில் நாகநாதனின் தங்கை பாண்டிமீனாள் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு இருக்கிறாள், ஆறு மாதமாக மாப்பிள்ளை தேடுகிறார்கள்!

நாகநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். "வாங்க, வாங்க" என்று ஜமுக்காளம் விரித்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அவர் மனைவி சத்தியப்பிரியா உள்ளே ஓடி நாத்தனாருக்கு அவசரமாகச் சேலை சுற்றினாள். சேவும் காராபூந்தியும் வந்தன. முத்தழகுக்கு ஒரே பூரிப்பு. பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று கண்ணே கலங்கிவிட்டதாம். கடைசியில் பாண்டிமீனாள் தலையைக் குனிந்துகொண்டு காபித் தட்டோடு வந்து நின்றாள்.

"ஏத்தா, ஒனக்கு எதுக்கு இப்பப் பட்டுச்சேல? நாங்க கேட்டு வந்தது சின்னவளத்தேன்!" என்றார் முத்தழகு.

"சின்னவளா? அவளுக்கு அஞ்சு வயசுக்கா!" என்று நாகநாதன் அலறினார்.

"அஞ்சு வயசாயிருச்சுன்னுதேன் வந்தோம். ஒண்ணாப்புல சேக்க வேணாமா?"

முதலில் சிரித்தது பாண்டிமீனாள். காபியைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாளாம். அவளுக்கு இப்போதைக்குக் கல்யாணமே வேண்டாமென்றிருந்தது. நாகநாதனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. "காரைக்குடியில பாத்து வச்சாச்சுக்கா. வேன் வீட்டு வாசலுக்கே வருது. தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றார்.

வேறு யாராவது என்றால் செருப்பைத் தேடியிருப்பார்கள். முத்தழகு சப்பணமிட்டு இன்னும் நன்றாக உட்கார்ந்தார். "தம்பி, தட்ட வாங்கி சாமிகிட்ட வச்சாச்சு. வாங்குன தட்டத் திருப்பிக் குடுத்தா ஊரு என்னத்தச் சொல்லும்? நீங்க பொண்ணு குடுக்க வேணாம். மாப்ள வீட்ட ஒருக்கா வந்து பாருங்க. பாத்துட்டுப் பிடிக்கலைன்னு சொல்லுங்க, போயிட்டே இருக்கேன். பாக்காமலே வேணாம்னா எங்களுக்கு என்ன மரியாத?"

வெற்றிலைத் தட்டை வாங்கிவிட்டு வீடு பார்க்கக்கூட வராமல் இருக்க எங்கள் பக்கத்தில் யாராலும் முடியாது. அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் வருவதாக நாகநாதன் ஒப்புக்கொண்டார்.

அந்தக் காலை நான் அங்கே இருந்தேன். முத்தழகு எனக்கு ராத்திரியே போன் போட்டு, "எங்க பக்கத்துல ஆளு கொறைச்சலா இருக்கு. நீங்களும் மாப்ள வீட்டு ஆளா வந்து நில்லுங்க" என்று உத்தரவு போட்டுவிட்டார். போய்ப் பார்த்தால் வாசலில் கோலம், நிலையில் மாவிலை. ஞானசம்பந்தம் சார் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வேர்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு விஷயம் பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு வாண்டு, "டீச்சர், கல்யாணம் யாருக்கு? அப்பளம் உண்டா?" என்று சுபலட்சுமி டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்தது.

சும்மா சொல்லக்கூடாது, நாகநாதனும் மாப்பிள்ளை வீடு பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். சுவரைத் தட்டினார். சிமென்ட் வியாபாரி அல்லவா! குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். கழிப்பறைக் கதவைத் திறந்து, உள் தாழ்ப்பாளை இரண்டு தரம் போட்டு எடுத்தார். பாண்டிமீனாள் வாசிப்பு அட்டைகளைப் பிள்ளைகளிடம் நீட்டிப் படிக்கச் சொன்னாள். ஒருத்தி படித்து முடித்துவிட்டு, "இப்ப நீங்க படிங்க" என்று இவளிடமே அட்டையைக் கொடுத்தாள். சத்தியப்பிரியா சமையலறைக்குள் போய்க் கிச்சடியை வாயில் போட்டுப் பார்த்து, உப்புச் சரி என்று தலையாட்டினாள். இவ்வளவு நேரமும் யாழ்மதி அம்மாவின் சேலைக்குள்தான் இருந்தாள்.

முத்தழகு அவர்களுக்குப் பின்னால் ஓடி ஓடிப் பேசினார். "இங்குட்டு வாங்க, இது எங்க கீர. பிள்ளைக பறிக்கும், மத்தியானம் சாம்பார்ல விழுகும். அங்குட்டுப் பாருங்க, அது டிவி. கரன்ட் இருந்தா நல்லா ஓடும். இந்த மூலை மழைக்கு ஒழுகும். எழுதிப் போட்டிருக்கு, இன்னும் வரல." சுபலட்சுமி டீச்சர் கண்ணால் ஜாடை காட்டினார், கையைக் கிள்ளியும் பார்த்தார். "நீங்க சும்மா இருங்க டீச்சர். கொறைய மறைச்சுச் சம்பந்தம் பேசுனா நாளைக்கி நம்மளத்தேன் கேப்பாக" என்றார் முத்தழகு. ஒழுகுகிற மூலையைக் கேட்டதும் நாகநாதன் முகம் முதன்முறையாகத் தளர்ந்தது. மேலே ஏறிட்டுப் பார்த்து, "ரெண்டு மூட்டையில பூசிறலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் தடை அங்கே இல்லை. மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, சத்தியப்பிரியா குழாயடியில் முத்தழகைத் தனியாகப் பிடித்தாள். காதில் விழுகிற தூரத்தில்தான் நான் நின்றிருந்தேன். "பள்ளிக்கூடம் நல்லாத்தேன் இருக்குக்கா. எம்பிள்ளைக்குப் பேச்சு திக்கும். காரைக்குடியில பேரக் கேட்டாக. இவ திக்குனா. சுத்தி நின்ன பிள்ளைக சிரிச்சிருச்சு. அன்னையிலருந்து வெளியாளுக முன்னாடி வாயவே தொறக்க மாட்டேங்குறா. இங்க மட்டும் சிரிக்க மாட்டாகளா?"

என்ன கேட்டாலும் பதில் வைத்திருக்கிற முத்தழகு அதற்குத் தடுமாறினார். "எப்பிடித்தா சொல்ல? பிள்ளைகதானே" என்றார் மெதுவாக. பொய் சொல்லி அழைத்திருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்த இடத்தில் அவர்மேல் ரொம்பப் பிரியம் வந்துவிட்டது.

அவர்கள் திரும்பி வருவதற்குள் வேப்பமரத்தடியில் பிள்ளைகள் யாழ்மதியைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்புக்காரி ஒருத்தி, கையில் தண்ணீர் வாளியோடு, "ஒம் பேரு என்ன?" என்று கேட்டேவிட்டாள். சத்தியப்பிரியா அப்படியே நின்றுவிட்டாள்.

"யா..." என்றாள் குழந்தை. "யா... யா..."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் எடுத்தும் கொடுக்கவில்லை. சுபலட்சுமி டீச்சர் வகுப்பில் அது ஒரு பழக்கம். ஒருவர் பேச எழுந்தால் அவர் முடிக்கிற வரைக்கும் மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது, பதில் தெரிந்தாலும் சொல்லக்கூடாது. நாளெல்லாம் அப்படிக் காத்திருந்தே பழகிய பிள்ளைகள். வாளிக்காரி வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளின் பெயரும் தெரிந்த முத்தழகுவின் உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"யா... யாழ்மதி."

"யாழ்மதியா? கீரைக்குத் தண்ணி ஊத்தப் போறோம், வர்றியா?" என்றாள் அந்தப் பெண். யாழ்மதி அம்மாவைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாளியின் வளையத்தில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சத்தியப்பிரியா அழுதுகொண்டே சிரித்தாள். பாண்டிமீனாள் அண்ணனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். நாகநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கண்ணைத் துடைக்கவில்லை, ஆனால் மூக்கை உறிஞ்சினார். பிறகு முத்தழகுக்கு எதிரில் வந்து நின்று, சம்பந்தம் முடிக்கிற தோரணையில் கேட்டார்: "சரிக்கா. ஜூன்ல என்னைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குறீக?"

முத்தழகு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் முயன்றார், அப்போதும் வரவில்லை. முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, மற்றக் கையால் சுபலட்சுமி டீச்சரின் தோளைப் பிடித்து, பதில் சொல்ல முன்னால் தள்ளிவிட்டார்.