மனைவியின் விசாவில் போன தச்சர்

தச்சர் மாட்டிய கதவு அடைமழையிலும் இறுகாது என்று அந்தத் தெருவில் பேர். பதினான்கு வயதில் உளி பிடித்தவர். அதன்பிறகு ஒருநாளும் அடுத்தவர் சம்பாத்தியத்தில் சாப்பிட்டதில்லை. மனைவி நர்ஸ். வேலை விசா கிடைத்து வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கைக்குழந்தையாக இருந்த மகளை அவரிடம் விட்டுவிட்டுப் போனாள். பட்டறையையும் பிள்ளையையும் சேர்த்தே பார்த்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி போனில் கூப்பிட்டாள். மகள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, அந்த ஆன்ட்டி" என்று போனை அவரிடம் நீட்டினாள். மனைவி சிரித்துச் சமாளித்தாள். ஆனால் அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமே போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் தச்சர் பட்டறையைப் பூட்டிவிட்டு விசா ஆலோசகரைப் பார்க்கப் போனார். அந்த அம்மாள் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. சுற்றுலா விசா என்றால் முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். படிப்பு விசாவுக்குக் கட்டணம் ஏராளம். இந்த வயதில் என்ன படிப்பு என்று ஆயிரம் கேள்வி வரும். வேலை விசாவுக்கு அங்கே ஒரு கம்பெனி கூப்பிட வேண்டும். கையில் தொழில் இருந்தாலும் சான்றிதழ் இல்லை, வருடக்கணக்கில் இழுக்கும், கிடைக்காமலும் போகலாம். மிச்சமிருப்பது மனைவியைச் சார்ந்து போகும் விசா. அவள் இருக்கும்வரை அவரும் பிள்ளையும் இருக்கலாம். ஆனால் அவளுக்கு அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைக்கும்வரை அவர் ஒரு காசு சம்பாதிக்கக் கூடாது.

விஷயம் மனைவியின் தம்பி காதுக்குப் போனது. வாய்த்துடுக்குக்காரன், பட்டறைக்கே வந்துவிட்டான்.

"என்ன மாமா, அக்கா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டா பிளேன் ஏறப் போறீங்க?"

"பிடிச்சுக்கறேன் மாப்ள. விட்டா விழுந்துடுவேன்ல."

வெளியே இப்படிச் சொன்னாலும் உள்ளுக்குள் அவருக்கு ஆறவில்லை. வேலை விசாவுக்கே காத்திருந்து தலை நிமிர்ந்து போகலாமே என்று பல நாள் மனது அடித்துக்கொண்டது. ஆனால் அதற்குள் மகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசாகிவிடும். அப்போதும் அம்மா ஆன்ட்டியாகவே இருப்பாள். சார்பு விசாவுக்கே விண்ணப்பித்தார்.

நேர்காணலன்று அவர் உட்கார்ந்த நாற்காலி ஆடியது. மடியில் இருந்த மகளுக்கு அது ஊஞ்சலாகிவிட்டது. அதிகாரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிய நேரத்தில், பழக்கதோஷம், தச்சர் பிள்ளையை இறக்கிவிட்டார். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, வீட்டுச் சாவி முனையால் ஸ்க்ரூவை முறுக்க ஆரம்பித்தார். அதிகாரி திரும்பிப் பார்த்தால் எதிரே ஆளே இல்லை. மேஜைக்குக் கீழே தலை மட்டும் தெரிந்தது.

"என்ன பண்றீங்க?"

"நாற்காலி ஆடுதுங்க."

"இந்த விசாவுல போனா அங்க வேலை செய்யக் கூடாது. தெரியும்ல? இங்கயே உங்க கை சும்மா இல்லையே."

வீட்டைப் பார்த்துக்கொள்வேன் என்று மட்டும் சொல்லுங்கள் என ஆலோசகர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை.

"கை சும்மா இருக்காதுங்க. ஆனா கூலி வாங்க மாட்டேன். இவ அவங்கம்மாவை ஆன்ட்டிங்கறா. அதுக்காகத்தான் போறேன்."

அதிகாரி எதையோ தட்டிவிட்டு, போகலாம் என்றார். நடந்ததைக் கேட்டு, கதை கந்தலாகிவிட்டது என்று ஆலோசகர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் விசா வந்துவிட்டது.

போன இடத்தில் மகள் அம்மாவிடம் ஒட்டவே இல்லை. தண்ணீர் கொடுப்பதற்குக்கூட அப்பாதான் வேண்டும். தச்சர் யோசித்துப் பார்த்தார். தான் கண்ணெதிரே இருக்கும்வரை பிள்ளை அந்தப் பக்கம் திரும்பாது என்று புரிந்தது. மனைவி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடுவார். முதல் சில நாட்கள் மகளின் அழுகை படிக்கட்டுவரை துரத்தி வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இதைக்காட்டிலும் கஷ்டமான வேலையை அவர் செய்ததில்லை.

கீழ்வீட்டுக்காரர், தச்சர் வீட்டு அலமாரிக் கதவை அவரே சரிசெய்திருந்ததைப் பார்த்துவிட்டு, தன் சமையலறை முழுவதையும் செய்து தரச்சொல்லிக் கையில் பணத்தோடு வந்தார். யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொன்னார். தெரிந்தால் மனைவியின் விசாவுக்கே ஆபத்து. தச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கே அறுக்க வேண்டும், எங்கே ஆணி கூடாது என்று வாயாலேயே சொல்லிக் கொடுத்தார். அந்த மனிதர் கோணலாக அறுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடி சீக்கிரமே திரும்பிக் கதவைத் தட்டினார். மகள் கொஞ்சமாகத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"அம்மா கதை சொல்லிட்டிருக்காப்பா. நீ அப்புறம் வா."

கதவு சாத்திக்கொண்டது. தச்சர் சத்தம் காட்டாமல் படியிறங்கி, மழையிலேயே இன்னொரு சுற்று நடக்கப் போனார்.