மூன்று வேளையும் ஊதிய ஆலைச் சங்கு

“ஏனுங்க, தறி ஓட்டறவிய ஊட்டுப் புள்ளைக்குப் பங்கு யாவாரம் புரியுமாக்கும்?”

அப்பா என்னை வேலைக்குச் சேர்க்கக் கூட்டிப்போன அன்று முதலாளி கேட்டது இது. என்னிடம் கேட்கவில்லை, என் தலைக்கு மேலாக அப்பாவிடம் கேட்டார். “பி.காம். படிச்சுப்போட்டு வந்திருக்குதுங்க,” என்றார் கைநாட்டு வைக்கும் என் அப்பா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கேள்வியை நான் மன்னிக்கவில்லை. அதன்பிறகு முதலாளி சொன்ன எதையும் உடனே நம்பியதுமில்லை.

அவர் கோயம்புத்தூரில் பங்குத் தரகர். பருத்தி வியாபாரிகள், நூல் கடைக்காரர்கள் என்று காலையிலேயே அவர் ஆபீஸ் நிறைந்துவிடும். பஞ்சைத் தொட்டுத் தரம் சொல்லிவிடும் அவர்கள், பங்கு வாங்கினாலும் நூற்பாலைப் பங்குதான் வாங்குவார்கள். கம்பெனியின் ஆண்டறிக்கையை யாரும் பிரிப்பதில்லை. ஒரு நாளில் மூன்று ஷிஃப்டுக்கும் சங்கு ஊதினால் ஆலை நன்றாக ஓடுகிறது, அவ்வளவுதான் ஆராய்ச்சி. “பேப்பர்காரன் பொய் சொல்லுவானுங்க, சங்கு சொல்லுமா?” என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரிப்பார்கள்.

ஊருக்குக் கிழக்கே இருந்த ஓர் ஆலையின் பங்கை முதலாளி எல்லோருக்கும் சிபாரிசு செய்துகொண்டிருந்தார். ஆனால் அதே பங்கைப் பற்றி மெட்ராஸுக்குப் போன் போடும்போது மட்டும், “அம்மணி, போயி டீ சொல்லிப்போட்டு வா,” என்று என்னை வெளியே அனுப்புவார். வேறு எந்தப் பங்குக்கும் அவருக்கு டீ தேவைப்படவில்லை.

கருமத்தம்பட்டியில் அடுத்தவர் தறியை ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குச் சொந்தமாக நாலு தறி வாங்க ஆசை. அதற்காகச் சேர்த்ததை அந்த ஆலையில் போடத்தான் முதலாளி அவரை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு மதியம் அரைநாள் லீவு போட்டு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாசலில் போய் நின்றேன். சங்கு ஊரே அதிர ஊதியது. வெளியே வந்தவர்கள் ஒரு கைப்பிடி. உள்ளே போக யாருமே இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் ஆடு படுத்திருந்தது. ஆளே இல்லாமல் எதற்குச் சங்கு என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். “ஊருக்கு மணி தெரிய வேண்டாமுங்களா?” என்றார் அவர்.

முதலாளியிடம் இதைச் சொன்னபோது, “ஸ்டாண்டுல சைக்கிள் எண்ணறதுக்கா அம்மணி உன்னையப் படிக்க வெச்சாங்க?” என்று ஆபீஸே சிரிக்கும்படி கேட்டார்.

பணத்தை மருந்துக் கம்பெனிப் பங்கில் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பாவும் அசையவில்லை. “தெரிஞ்ச தொழில வுட்டுப்போட்டு மருந்துக் கம்பெனிங்கறயே, மருந்தப் பத்தி உனக்கென்ன கண்ணு தெரியும்?”

“ஒண்ணுந் தெரியாதுங்கப்பா. ஆனாப் பஞ்சு வெலை ஏறுனா உங்க தறியும் நிக்குது, மில்லுப் பங்கும் வுழுகுது. சனத்துக்குக் காச்சலு அதுக்காக வராம இருக்குமுங்களா?”

பாதிக்கு ஒத்துக்கொண்டார். பாதி மருந்துக் கம்பெனியில், பாதி அவர் பிடிவாதம் பிடித்த ஆலையில். இன்ன விலைக்குக் கீழே போனால் யாரையும் கேட்காமல் விற்றுவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அந்த விலை வந்தது. “பொறு அம்மணி, திரும்பும்,” என்றார் முதலாளி. எத்தனையோ பேர் பொறுத்தார்கள். நான் நஷ்டத்துக்கு விற்றேன். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஆலை பூட்டப்பட்ட செய்தி வந்தது. அன்று இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

மெட்ராஸில் முதலாளி அந்தப் பங்கை வாங்கினாரா விற்றாரா, எனக்குத் தெரியாது. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தவர். ஒரு மாதம்கூடச் சம்பளம் தள்ளிப்போனதில்லை. அப்படியும் அவரை நினைக்கும்போது சந்தேகம்தான் முதலில் வருகிறது. பிறகு அந்த வேலையை விட்டு விலகி வந்ததற்காக வருத்தமில்லை.

இப்போது மருந்துப் பங்கு ஏறியிருக்கிறது. எல்லாவற்றையும் விற்று நாலு தறியும் வாங்கிவிடலாம் என்கிறார் அப்பா. அவர் வயிறும் சேமிப்பும் மறுபடி பஞ்சையே நம்பியிருப்பதில் எனக்கு விருப்பமில்லை. போன வாரம் சோமனூர் போய், தறிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இரண்டு தறிக்கு மட்டும்.